இடுப்புப் பட்டி கட்டினால் வண்டி குறையுமா?



இம்முறை எமது மருத்துவப் பக்கத்தில், பலரும் கேட்க விரும்பியும் கேட்கத் தயங்கும் ஒரு விடயத்தைப் பார்ப்போம். காய்ச்சலுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ எம்மிடம் வருபவர்கள், எல்லாம் பேசி முடித்து எழும்பும் நேரத்தில்தான், "டொக்டர், வயித்துக்குக் கட்டுற பெல்ற் ஒண்டு விக்கினம், அது நல்லதோ?" என்று மெல்லக் கேட்பார்கள். 'வேஸ்ற் ரெயினர்' என்ற பெயரில் கடைகளிலும் இணையத்திலும் விற்கப்படும் இறுக்கமான இடுப்புப் பட்டியையும், கம்பி வைத்துத் தைத்துக் கயிற்றால் இறுக்கும் 'கோர்செற்' என்ற ஆடையையும் பற்றித்தான் அவர்கள் கேட்கிறார்கள்.

கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகையினர். முதலாவது, அண்மையில் குழந்தை பெற்ற தாய்மார். இரண்டாவது, சாமத்திய வீடு, அரங்கேற்றம், கலியாணம் என்று ஒரு நாளுக்காக ஆயத்தமாகும் இளம் பெண்கள். மூன்றாவது, நாற்பது வயதைக் கடந்ததும் வண்டி வைத்துவிட்டதே என்று கவலைப்படுபவர்கள். இவர்களில் ஆண்களும் உண்டு.

மூவருக்கும் சுருக்கமான பதில் ஒன்றுதான். பட்டியைக் கட்டியிருக்கும் வரை இடை சிறிதாகத் தெரியும். கழற்றினால் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். கொழுப்பு குறையாது. ஆனால் இந்தப் பதிலோடு நிறுத்திவிட முடியாது. ஏனென்றால் எமது சமூகத்தவரைப் பொறுத்தவரை, வயிற்றுக் கொழுப்பு அழகு சம்பந்தப்பட்ட விடயம் மட்டுமல்ல. அது நீரிழிவுக்கும் மாரடைப்புக்கும் முன்னறிவித்தல். அதைக் கட்டி மறைப்பதா, அளந்து கவனிப்பதா என்பதுதான் உண்மையான கேள்வி.

இது புதிய பொருள் அல்ல

ஐரோப்பியப் பெண்கள் 16ஆம் நூற்றாண்டு தொடக்கம் இடையை இறுக்கும் ஆடைகளை அணிந்துவந்தார்கள். திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுக்கும் வளையும் தகடுகளையும், பின்னர் உருக்குக் கம்பிகளையும் வைத்து அவை தைக்கப்பட்டன. அவற்றுக்கு எதிராக வைத்தியர்கள் எழுதியதும் இன்று நேற்றல்ல. ஜேர்மனிய உடற்கூற்று அறிஞரான சொம்மரிங், 1788ஆம் ஆண்டிலேயே இந்த ஆடைகளின் தீமைகளைப் பற்றி எழுதினார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட பின்னர், பிரெஞ்சு வைத்தியரான ஓஃபொலோவெல் 1908இல் வெளியிட்ட நூலில், கோர்செற் அணிந்த பெண்களின் விலா என்புகள் உள்நோக்கி நெருக்கப்பட்டிருப்பதைப் படங்களோடு காட்டினார். நீண்ட காலம் இறுக்கிக் கட்டியவர்களின் ஈரலில் பள்ளமான தழும்புகள் இருந்ததைப் பிரேத பரிசோதனை செய்த வைத்தியர்களும் பதிவு செய்துள்ளனர்.

ஆகவே, வருடக்கணக்காக, நாளின் பெரும்பகுதி இறுக்கிக் கட்டினால் உடம்பின் வடிவம் மாறக்கூடும் என்பது உண்மை. ஆனால் அப்படி மாறுவது என்பும் உள்ளுறுப்புகளின் இடமுமே தவிர, கொழுப்பின் அளவு அல்ல.

"எனக்கு இரண்டு அங்குலம் குறைந்ததே!"

இப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, தோலுக்குக் கீழுள்ள மென்மையான கொழுப்பு அமுங்கி மேலும் கீழும் ஒதுங்குகிறது. கழற்றியவுடன் அளந்தால் அளவு குறைவாகத் தெரியும். சில மணித்தியாலங்களில் அது தன் இடத்துக்கு வந்துவிடும். பற்பசைக் குழாயை நடுவில் அமத்தினால் நடு ஒடுங்கும். ஆனால் உள்ளே இருக்கும் பசை குறைவதில்லை.

இரண்டாவது, வியர்வை. இறப்பர் போன்ற துணியில் செய்த பட்டிகள் உடலைச் சூடாக்கி வியர்க்க வைக்கின்றன. ஒரு லீற்றர் தண்ணீரின் நிறை ஒரு கிலோ. வியர்த்துப் போனதைத் தண்ணீர் குடித்ததும் உடல் மீட்டுக்கொள்ளும். கொழுப்பு உருகி வியர்வையாக வெளியேறுவதில்லை.

மூன்றாவது, இரைப்பை நெருக்கப்படுவதால் சிலர் குறைவாகச் சாப்பிடுகிறார்கள். இது உண்மையிலேயே உதவுமா என்று சுவீடனில் ஆராய்ந்து பார்த்தார்கள். கடும் உணவுக் கட்டுப்பாட்டினால் நிறை குறைந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் கோர்செற் கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. குறைந்த நிறையைத் தக்கவைப்பதில் கோர்செற் கூடுதல் பலன் தரவில்லை என்பதே 2010இல் வெளியான முடிவு. அதைச் சொன்னபடி தொடர்ந்து அணிந்தவர்களும் குறைவு.

கட்டும்போது உள்ளே என்ன நடக்கிறது?

வயிறு ஒரு மூடிய பை போன்றது. மேலே பிரிமென்றகடு, கீழே இடுப்புத்தளத் தசைகள், சுற்றிவரத் தசைச் சுவர். நடுவில் இறுக்கினால் அமுக்கம் மேலும் கீழும் செல்லும்.

மேலே போகும் அமுக்கம் இரைப்பையைத் தள்ளும். அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறி நெஞ்செரிவு உண்டாகும். கிளாஸ்கோ ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இடுப்பில் பட்டி கட்டிச் சாப்பிட்டவர்களுக்கு அமிலம் மேலேறுவது கூடியது மட்டுமல்லாமல், ஏறிய அமிலம் கீழிறங்கவும் தாமதமானது. அத்தோடு பிரிமென்றகடு முழுமையாக இறங்க முடியாததால் ஆழமாக மூச்சு எடுக்க முடியாது. சனம் நிறைந்த மண்டபத்தில், பட்டுச் சேலையோடு, காலையிலிருந்து சாப்பிடாமல் நிற்கும் பிள்ளை மயங்கி விழுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

கீழே போகும் அமுக்கம் சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் தாங்கும் தசைகளில் விழும். இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிபவர்களுக்கு அது மோசமாகலாம். இடுப்பு மடிப்பின் ஊடாகத் தொடைக்குச் செல்லும் ஒரு நரம்பு நசிந்தால், தொடையின் வெளிப்பக்கம் எரியும், அல்லது விறைத்துப்போகும். இறுக்கமான பெல்ற் கட்டும் ஆண்களுக்கும் இது வருவதுண்டு.

வைத்தியர்களே பட்டி கொடுக்கிறார்களே?

உண்மை. ஆனால் அவை வேறு தேவைக்கு. வளரும் வயதில் முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளையும் நோய்க்கு, அளவெடுத்துச் செய்த கடினமான கவசம் கொடுக்கப்படுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், கவசம் அணிந்த பிள்ளைகளில் 72 வீதமானோருக்கு, சத்திரசிகிச்சை தேவைப்படும் அளவுக்கு வளைவு கூடாமல் வளர்ச்சி நிறைவுற்றது. அணியாதவர்களில் அது 48 வீதம். இது நிபுணரின் கண்காணிப்பில் நடக்கும் சிகிச்சை. கடையில் வாங்கும் பட்டிக்கு இதைச் சாட்சியாகக் காட்ட முடியாது.

நாரி நோவுக்குப் பட்டி கட்டும் வழக்கமும் எம்மவரிடம் உண்டு. பிரித்தானியாவில் மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் 'நைஸ்' நிறுவனம், நாரி நோவுக்குப் பட்டியோ கோர்செற்றோ கொடுக்க வேண்டாம் என்று 2016இல் வைத்தியர்களுக்கு அறிவுறுத்தியது. நாரிக்குத் தேவை அசைவும் தசைப் பலமுமே.

பிள்ளைப்பேற்றுக்குப் பின் வயிறு கட்டுதல்

இது எமது வீடுகளில் கவனமாகப் பேசவேண்டிய விடயம். ஊரில் பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குத் தண்ணீர், பத்தியக் கறி, வெந்நீர்க் குளிப்பு, பழைய பருத்திச் சேலையால் வயிறு கட்டுதல் எல்லாம் ஒன்றாகவே இருந்தன. அகதிகளாக வந்தபோது பொருட்களை விட்டுவிட்டு வந்தாலும், இந்த வழக்கங்களை நாம் கொண்டுவந்தோம். அவற்றின் பின்னால் இருந்த அக்கறையை நாம் மதிக்கிறோம். கட்டிவிடுவதற்கு அம்மாவோ அம்மம்மாவோ பக்கத்தில் இருந்தார்கள். தாய்க்கு ஓய்வும் கிடைத்தது. உண்மையான மருந்து பெரும்பாலும் அந்த ஓய்வுதான்.

கட்டினால்தான் கர்ப்பப்பை சுருங்கும் என்பது சரியல்ல. பிரசவத்தின் முடிவில் ஏறத்தாழ ஒரு கிலோ நிறையுடன் தொப்புள் மட்டத்தில் இருக்கும் கர்ப்பப்பை, தானாகவே சுருங்கி, சுமார் 6 கிழமைகளில் 100 கிராமுக்கும் குறைவாகிவிடும். தாய்ப்பால் கொடுப்பது அதற்கு உதவும். கர்ப்பத்தின்போது நடுவயிற்றில் விலகிய தசைகளும் பெரும்பாலானோரில் 8 கிழமைகளுக்குள் கிட்ட வந்துவிடும். வராவிட்டால் குடும்ப வைத்தியரிடம் சொல்லி உடற்பயிற்சிச் சிகிச்சையாளரைப் பாருங்கள்.

அப்படியானால் கட்டவே கூடாதா? மென்மையான துணியை, தாங்கிப் பிடிக்கும் அளவுக்குத் தளர்வாக, பகலில் சில மணித்தியாலங்கள் கட்டுவதில் தவறில்லை. சிசேரியன் செய்தவர்களுக்கு முதல் சில நாட்களில் இருமவும் எழும்பவும் இது இலகுவாக இருக்கும். நோவு குறைந்ததாகச் சில ஆய்வுகளும், வேறுபாடு இல்லை என்று வேறு சில ஆய்வுகளும் கூறுகின்றன. ஆனால் தாதியிடம் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். காயத்தைத் தினமும் திறந்து பாருங்கள். கம்பி வைத்த கோர்செற்றும் இறுக்கும் வேஸ்ற் ரெயினரும் இந்தக் காலத்தில் வேண்டாம். இடுப்புத்தளத் தசைகள் பலவீனமாக இருக்கும் நேரத்தில் மேலிருந்து அமத்துவது புத்தியல்ல.

இதைவிட முக்கியமான ஒன்று. குழந்தை பிறந்து முதல் 6 கிழமைகளில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுதலாக இருக்கும். கெண்டைக்கால் ஒன்று வீங்கி நொந்தால் அன்றே வைத்திய உதவியை நாடுங்கள். திடீரென்று மூச்சு முட்டினாலோ நெஞ்சு நொந்தாலோ, "கட்டு இறுகிப்போச்சு" என்று இருந்துவிட வேண்டாம். உடனே 999ஐ அழையுங்கள். காய்ச்சல், மணமுள்ள கசிவு, கூடிய இரத்தப்போக்கு ஆகியவற்றுக்கும் தாமதிக்கக் கூடாது.

கர்ப்பகாலத்தில் நீரிழிவு இருந்தவர்கள், குழந்தை பிறந்து 6 தொடக்கம் 13 கிழமைகளுக்குள் இரத்தச் சீனியைப் பரிசோதிக்க வேண்டும். அதன் பின்னர் வருடந்தோறும் பார்க்க வேண்டும். குழந்தையின் தடுப்பூசித் திகதி ஒன்றையும் தவறவிடாத தாய்மார், தங்களுடைய இந்தப் பரிசோதனையை மட்டும் மறந்துவிடுகிறார்கள். கணவன்மாரும் பேரர் பேத்திமாரும் நினைவூட்ட வேண்டும்.

பட்டி மறைத்துவிடும் வருத்தங்கள்

வயிறு பெருக்கும்போதெல்லாம் அது கொழுப்புத்தான் என்று நினைக்க வேண்டாம். கர்ப்பப்பைக் கட்டி, குடலிறக்கம், ஈரல் நோயினால் நீர் தங்குதல் ஆகியவற்றாலும் வயிறு பெருக்கும். குறிப்பாக 50 வயதைக் கடந்த பெண்கள் கவனிக்க வேண்டும். வயிறு அடிக்கடி ஊதுதல், கொஞ்சம் சாப்பிட்டவுடன் நிறைந்துவிடுதல், அடிவயிற்று நோவு, அடிக்கடி சிறுநீர் போதல் ஆகியவற்றில் ஏதேனும் மாதத்தில் 12 தடவைக்கு மேல் வந்தால் வைத்தியரிடம் செல்லுங்கள். சூலகப் புற்றுநோயின் ஆரம்ப அறிகுறிகள் இப்படியும் இருக்கலாம். முதலில் செய்வது ஓர் இரத்தப் பரிசோதனை. "வாய்வு" என்று சொல்லிப் பட்டியைக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இருந்துவிட வேண்டாம்.

மகள் கேட்டால் என்ன சொல்வது?

18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இந்தப் பட்டிகள் வேண்டாம் என்பதே எமது ஆலோசனை. என்புகள் வளரும் காலம் அது. ஆனால் ஏசிப் பறிப்பதால் பயனில்லை. சமூக வலைத்தளங்களில் பார்க்கும் படங்கள் பல திருத்தப்பட்டவை என்று பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் மனம் ஒப்பிடத்தான் செய்யும். அதைவிட ஆழமாகப் பதிவது எமது வாய்ச்சொல். "என்ன பிள்ளை, வரவர உருண்டுகொண்டு போறாய்" என்று மாமிமார் பகிடியாகச் சொல்வது பகிடியாக முடிவதில்லை. பிள்ளை சாப்பாட்டைத் தவிர்த்தாலோ, சாப்பிட்டதும் மலசலகூடத்துக்குப் போய்ச் சத்தி எடுத்தாலோ, மாதவிடாய் நின்றாலோ, அது பட்டியைப் பற்றிய பிரச்சினை அல்ல. பிள்ளையைக் குடும்ப வைத்தியரிடம் அழைத்து வாருங்கள். சேலைக்கு அளவான சட்டையை நன்றாகத் தைப்பித்தால் பட்டியின் தேவையே பெரும்பாலும் இல்லாமல் போய்விடும்.

ஒரு நாளுக்குக் கட்டத்தான் வேண்டும் என்றால்

பெரியவர்கள் ஒரு விசேடத்துக்கு அணிய விரும்பினால், பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

1. உங்கள் உண்மையான அளவில் வாங்குங்கள். ஒரு அளவு சிறிதாக வாங்குவது கூடாது.

2. கட்டிய பின் இரண்டு விரல்கள் உள்ளே போகவேண்டும். கதிரையில் இருந்து ஆழமாக மூச்சு எடுக்கவும், ஒரு வசனத்தை மூச்சு வாங்காமல் சொல்லவும் முடியவேண்டும்.

3. விசேட நாளில் முதன்முறையாகக் கட்டவேண்டாம். வீட்டில் ஒரு மணித்தியாலம் கட்டிப் பாருங்கள். விசேடத்தன்றும் சில மணித்தியாலங்களுக்கு மேல் வேண்டாம்.

4. உள்ளே மெல்லிய பருத்தி ஆடை அணியுங்கள். தண்ணீர் குடியுங்கள். சிறுநீரை அடக்கிவைக்க வேண்டாம்.

5. விருந்துச் சாப்பாட்டுக்கு முன் தளர்த்துங்கள் அல்லது கழற்றுங்கள்.

6. நித்திரையின்போது, உடற்பயிற்சியின்போது, நீண்ட விமானப் பயணத்தில் அணியவேண்டாம்.

7. மூச்சு முட்டல், தலைச்சுற்று, நெஞ்செரிவு, நோவு, கால் விறைப்பு வந்தால் உடனே கழற்றுங்கள். கழற்றியும் குறையாவிட்டால் வைத்திய உதவி நாடுங்கள்.

கர்ப்பிணிகள், குடலிறக்கம் அல்லது நெஞ்செரிவு உள்ளவர்கள், ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்கள், கர்ப்பப்பை இறக்கம் அல்லது சிறுநீர்க் கசிவு உள்ளவர்கள், அண்மையில் வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் அணியாமல் இருப்பதே நல்லது. நீண்ட காலம் நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோலின் உணர்ச்சி குறைந்திருக்கலாம். பட்டி வெட்டிப் புண்ணாவதை அவர்கள் உணராமல் போகலாம்.

கட்டுவதற்குப் பதிலாக அளந்து பாருங்கள்

தையல் பெட்டியில் இருக்கும் அளவு நாடா, எந்தப் பட்டியையும் விடப் பெறுமதியானது. கடைசி விலா என்புக்கும் இடுப்பு என்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, வெறும் தோலில் நாடாவைச் சுற்றுங்கள். இயல்பாக மூச்சை விட்டு அளவுங்கள். வயிற்றை உள்ளே இழுக்க வேண்டாம்!

தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் (31½ அங்குலம்), ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர் (35½ அங்குலம்) வந்தால் எச்சரிக்கை. ஐரோப்பிய ஆண்களுக்கான எல்லை இதைவிடக் கூடியது. ஏனென்றால் எம்மவருக்குக் கை கால் மெலிந்திருந்தாலும், ஈரலையும் குடலையும் சுற்றிக் கொழுப்பு இலகுவில் சேர்ந்துவிடும். இலக்கங்களை மறந்தால் ஒரு விதியை நினைவில் வையுங்கள்: இடுப்பின் சுற்றளவு உயரத்தின் பாதிக்குக் குறைவாக இருக்கவேண்டும்.

கூடுதலாக இருந்தால் மனம் தளரவேண்டாம். சென்னையில் வைத்தியர் இராமச்சந்திரனும் குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு எமக்கு நேரடியாகப் பொருந்துவது. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர் அதில் பங்குபற்றினர். உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களில், நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 வீதம் குறைந்தது. அவர்களுடைய உடல் நிறை பெரிதாகக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். கண்ணாடியில் மாற்றம் தெரிய முன்னரே உடம்பின் உள்ளே நன்மை தொடங்கிவிடுகிறது.

எனவே நாளைக்கே தொடங்கக்கூடியவை: கோப்பையில் பாதியை மரக்கறியால் நிரப்பி, சோற்றையோ பிட்டையோ கால்வாசிக்குக் கொண்டுவாருங்கள். தேநீருக்குச் சீனியைக் குறையுங்கள். றோல்ஸும் வடையும் விசேட நாளுக்கு இருக்கட்டும். கிழமைக்கு 150 நிமிடங்கள், மூச்சு சற்று வாங்கும் வேகத்தில் நடவுங்கள். கிழமையில் இரண்டு நாள் தசைகளுக்கு வேலை கொடுங்கள். கதிரையிலிருந்து கைபிடிக்காமல் எழும்பி இருப்பதே நல்ல ஆரம்பம். பெண்கள், சிறுநீரையும் வாய்வையும் அடக்குவது போல இடுப்புத்தளத் தசைகளைச் சுருக்கி விடும் பயிற்சியை, தடவைக்கு 8 முறை, நாளுக்கு மூன்று தடவை செய்யுங்கள். மூன்று மாதங்கள் விடாமல் செய்தால் பலன் தெரியும்.

இந்தக் கிழமை வீட்டில் எல்லோரும் ஒருவரையொருவர் அளந்து, திகதியோடு கலண்டரில் எழுதிவையுங்கள். எல்லையைத் தாண்டியவர்கள் குடும்ப வைத்தியரிடமோ தாதியிடமோ நேரம் எடுத்து, இரத்தச் சீனி, கொழுப்பு, இரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதங்களின் பின் மீண்டும் அளந்து பாருங்கள்.

அடுத்த இதழில் மீண்டும் சந்திப்போம். நலமே வாழ்க.

(இக்கட்டுரை பொதுவான அறிவுக்காக எழுதப்பட்டது. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற ஆலோசனையை உங்கள் வைத்தியரிடம் பெற்றுக்கொள்ளுங்கள்.)